டாக்ரோலிமஸ் விஷமா? கிட்னி மாத்தின வீட்டுக்காரருக்கு டோஸைக் குறைக்கலாமான்னு கேட்ட சகோதரிக்கு

முதல்ல நீங்க கேட்டதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன். உங்க வீட்டுக்காரர் டெய்லர், வயசு 41. ஏழு மாசத்துக்கு முன்னாடி அவங்க அம்மா குடுத்த கிட்னியை வச்சிருக்காங்க. வச்ச கிட்னியை உடம்பு எதிர்க்காம பாத்துக்கற டாக்ரோலிமஸ் மருந்து காலையில 2 மில்லிகிராம், ராத்திரி 2 மில்லிகிராம் போயிட்டிருக்கு. போன மாசம் ரத்தத்துல மருந்தோட லெவல் 6.1, இந்த மாசம் அதே டோஸ்ல 9.8. கை நடுங்குது, ஊசியில நூல் கோக்க முடியலைன்னு அவர் நொந்து போயிருக்கார். இதுக்கு நடுவுல உங்க கொழுந்தனார் வாட்ஸப்ல வந்த ஒரு மெசேஜைக் காட்டி, இந்த மருந்து விஷம், கேன்சர் வரும், வச்ச கிட்னியையே கெடுத்துடும், பெத்த அம்மா கிட்னிதானே, சொந்த ரத்தம்தானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு மருந்துன்னு சொல்லியிருக்கார். நீங்க எழுதினது "இந்த மருந்து பாதுகாப்பானதா"ன்னு. ஆனா அதுக்கு அடியில இருக்கறது, ராத்திரி கேப்சூல்ல ஒண்ணை நாமளே நிறுத்திப் பாக்கலாமாங்கற கேள்விதான்னு எனக்குத் தோணுது. தயவு செஞ்சு நிறுத்தாதீங்க. இதை முதல்ல சொல்லிட்டு மத்ததுக்கு வரேன்.

நான் டாக்டர் இல்ல. க்ளினிக்கல் பார்மசிஸ்ட், சென்னையில ட்ரான்ஸ்ப்ளான்ட் வார்டுல 18 வருஷம் வேலை பாத்தவ. டிஸ்சார்ஜ் ஆகற அன்னைக்கு கேப்சூல் டப்பாவை எடுத்து வச்சுக்கிட்டு எது எப்ப எப்படிப் போடணும்னு உக்காந்து சொல்லிக்குடுக்கறது, அப்புறம் லெவல் ஏறினா இறங்கினா ஏன்னு தோண்டிப் பாக்கறது, இதுதான் என் வேலை. உங்க வீட்டுக்காரரோட ஃபைல் என் கையில இல்ல, அதனால அவர் டோஸ் எவ்வளவு இருக்கணும்னு நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். மருந்து எப்படிப்பட்டது, எதுக்கு பயப்படணும், எதுக்கு பயப்பட வேண்டாம்னு சொல்ல முடியும்.

அம்மா கிட்னிங்கற விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எங்க வார்டுல நூத்துல தொண்ணூறு குடும்பம் இதைக் கேட்டிருக்கு. பிள்ளைக்கு பாதி அம்மாகிட்ட இருந்து வருது, பாதி அப்பாகிட்ட இருந்து வருது. அதே மாதிரி அம்மாகிட்டயும் பிள்ளைக்கு வராத ஒரு பாதி இருக்கு. அந்தப் பாதியை உடம்பு அந்நியம்னுதான் பாக்கும். பாசத்துக்கு அது தெரியும், வெள்ளை அணுவுக்குத் தெரியாது. மருந்தே இல்லாம ஒரு கிட்னி ஒட்டிக்கணும்னா ரெண்டு பேரும் ஒரே கருவுல பிரிஞ்ச இரட்டையரா இருக்கணும். 1954ல அமெரிக்காவுல பாஸ்டன்ல முதன்முதலா ஜெயிச்ச கிட்னி மாற்று ஆபரேஷன் அப்படிப்பட்ட ரெண்டு அண்ணன் தம்பிக்கு நடந்ததுதான். மத்த எல்லாருக்கும், அம்மா குடுத்தாலும் சரி, மூளைச்சாவு ஆனவங்க குடும்பம் குடுத்தாலும் சரி, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கற மருந்து அந்தக் கிட்னி வேலை செய்யற வரைக்கும் வேணும். டோஸ் வருஷம் போகப் போக குறையும், அதுவும் டாக்டர் குறைக்கணும். மருந்தே இல்லாம இருக்க வைக்க கிட்னியோட சேர்த்து எலும்பு மஜ்ஜை செல்லும் குடுத்து சில சென்டர்ல ஆராய்ச்சி நடக்குது, சில பேருக்கு பலிச்சும் இருக்கு, ஆனா அது ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு, நாமளா மாத்திரையை நிறுத்திப் பாக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப மருந்துக்கு வரேன். ஜப்பான்ல சுக்குபான்னு ஒரு மலை, அந்தப் பக்கத்து மண்ணுல இருந்து 1984ல ஒரு நுண்ணுயிரைப் பிரிச்செடுத்து அதுல கண்டுபிடிச்ச பொருள்தான் இது, அப்ப அதுக்கு எஃப்கே 506னு பேர். டாக்ரோலிமஸ்ங்கற பேர்ல முதல் எழுத்தே அந்த சுக்குபாவுக்குத்தான். 1989ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல தாமஸ் ஸ்டார்ஸல்ங்கற சர்ஜன் கல்லீரல் மாத்தினவங்களுக்கு முதல்ல குடுத்துப் பாத்தார். 1994ல கல்லீரலுக்கும் 1997ல கிட்னிக்கும் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அதாவது இது நேத்து வந்த மருந்து இல்ல, முப்பது வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டு, அதோட நல்லதும் கெட்டதும் வெட்ட வெளிச்சமா தெரிஞ்ச மருந்து.

வேலை செய்யற விதம் தெரிஞ்சா பாதி பயம் போயிடும். அந்நியமா ஒண்ணைப் பாத்ததும் டி செல்லுங்கற வெள்ளை அணுவுக்குள்ள கால்சியம் ஏறும், உடனே கால்சினியூரின்னு ஒரு என்சைம் முழிச்சுக்கும், அது ஒரு சேதியை செல்லோட உட்கருவுக்குள்ள அனுப்பும், அங்க இன்டர்லூகின் 2ங்கற புரதம் உருவாகும், அதுதான் ஊரைக் கூட்டற தண்டோரா, அதைக் கேட்டு டி செல்லுங்க ஒண்ணு நூறா பெருகி கிட்னி மேல பாயும். டாக்ரோலிமஸ் செல்லுக்குள்ள இருக்கற இன்னொரு புரதத்தோட ஜோடி சேர்ந்து போயி கால்சினியூரின் மேல உக்காந்துக்கும். தண்டோரா போடறவன் வாயைப் பொத்தின மாதிரி. செல்லைக் கொல்றதில்ல, கூட்டம் கூடாம பாத்துக்குது, அவ்வளவுதான். ஆனா இதே கால்சினியூரின் டி செல்லுல மட்டும் இல்ல, கிட்னிக்குப் போற சின்ன ரத்தக்குழாய்ல இருக்கு, கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லுல இருக்கு, நரம்புல இருக்கு. அங்கேயும் போயி மருந்து உக்காந்துடுது. அதனாலதான் கிட்னி வேலை குறைஞ்சா ரத்தத்துல சேர்ற கழிவான க்ரியாட்டினின் ஏறுது, சுகர் வருது, கை நடுங்குது. விஷம்னு ஒண்ணு தனியா உள்ள இல்ல, கிட்னியைக் காப்பாத்தற அதே வேலைதான் வேண்டாத இடத்துல நடக்குது. அதனால அளவு ரொம்ப முக்கியம், மத்த பல மருந்தை விட இதுல முக்கியம்.

அளவுன்னா நீங்க போடற மில்லிகிராம் இல்ல, ரத்தத்துல நிக்கற அளவு. வாய் வழியா போட்டதுல சராசரியா கால்வாசிதான் ரத்தத்துக்கே போய்ச் சேருது, மீதியை குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து உடைச்சுத் தள்ளிடுது. அந்த உடைக்கற என்சைம் ஆளுக்கு ஆள் வேற. சில பேருக்கு பிறவியிலேயே சிஒய்பி 3ஏ5ங்கற என்சைம் வேகமா வேலை செய்யும், அவங்களுக்கு ஒண்ணரை மடங்கு, ரெண்டு மடங்கு டோஸ் குடுத்தாதான் மத்தவங்களுக்கு வர்ற லெவலே வரும், நம்ம ஜனங்கள்ல அப்படிப்பட்டவங்க கணிசமா இருக்காங்க. அதனால பக்கத்து பெட்காரர் 1 மில்லிகிராம்தான் போடறார், நமக்கு மட்டும் ஏன் 4ன்னு ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல. ரத்தத்துல எவ்வளவு நிக்குதுன்னு பாக்கறதுதான் கணக்கு, அதுவும் காலை டோஸ் போடறதுக்கு முன்னாடி, ராத்திரி போட்டு 12 மணி நேரம் கழிச்சு இருக்கற அடிமட்ட அளவு. இதைத்தான் ட்ரஃப்னு சொல்றாங்க.

இங்கதான் உங்க 6.1, 9.8 கதை வருது. நீங்க எழுதினதுல ரெண்டு வரியை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒண்ணு, டெஸ்டுக்கு நாலு நாள் முன்னாடி அவருக்கு பேதி ஆகியிருக்கு. ரெண்டாவது, லேப்ல கூட்டமா இருந்ததால அவர் வழக்கமான 9 மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டு பத்து பத்தரைக்கு ரத்தம் குடுத்திருக்கார். இந்த ரெண்டாவது விஷயம் ஒண்ணே போதும். மாத்திரை போட்டு ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துல மருந்து ரத்தத்துல உச்சிக்கு ஏறும், அந்த ஏத்தத்துல எடுத்த ரத்தத்துல 9.8 வந்தா அது ட்ரஃப்பே இல்ல, போன மாசத்து 6.1 கூட வச்சு ஒப்பிடவே கூடாத நம்பர். பேதியும் லெவலை ஏத்தும், நிறைய பேர் பேதியில மருந்து வெளிய போயிடும், லெவல் குறையும்னு நினைச்சு கூட ஒண்ணு போட்டுடறாங்க, நடக்கறது நேர் எதிர். குடல் சுவர்தான் மருந்தை உடைச்சும் வெளிய தள்ளியும் காவல் காக்குது, பேதியில அந்தச் சுவர் புண்ணானா காவல் இல்லாம மருந்து கூடுதலா உள்ள போகும். அதுக்கு மேல உடம்புல தண்ணி குறைஞ்சு க்ரியாட்டினினும் ஏறும். அதனால ஒரு நாளைக்கு மேல பேதி போனா வீட்டுலயே கஞ்சி குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிடணும். இன்னொண்ணு கேக்கணும், ரெண்டு டெஸ்டும் ஒரே லேபா? சில லேப்ல ஆன்டிபாடி வச்சு அளக்கறாங்க, சில இடத்துல மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, முதல் வகை உடைஞ்ச துண்டுகளையும் சேர்த்து எண்ணிக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். எப்பவும் ஒரே லேப்ல குடுக்கறது நல்லது.

எந்த லெவல் சரிங்கறதுல உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரிச்சே சொல்றேன். ரொம்பக் குறைஞ்சா ரிஜெக்ஷன், அதாவது வச்ச கிட்னியை உடம்பே தாக்கறது, ரொம்ப ஏறினா கிட்னிக்கும் நரம்புக்கும் கேடு, இது உறுதி. 2007ல சிம்ஃபனின்னு ஒரு பெரிய ஆய்வு வந்துது, 15 நாட்டுல 1,645 பேர். நாலு வகையா மருந்து குடுத்துப் பாத்தாங்க. கம்மி டோஸ் டாக்ரோலிமஸ் வாங்கினவங்களுக்கு ஒரு வருஷத்துல ரிஜெக்ஷன் 12 சதவீதம் பக்கம்தான், மத்த மூணு குரூப்லயும் 24ல இருந்து 37 வரைக்கும் போச்சு, கிட்னி வேலை செய்யற திறனும் டாக்ரோலிமஸ் குரூப்லதான் நல்லா இருந்துது. இன்னைக்கு உலகம் முழுக்க இந்த மருந்தை முதல்ல வைக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம். அந்த ஆய்வுல வச்ச இலக்கு 3ல இருந்து 7. ஆனா 5க்குக் கீழ ரொம்ப நாள் இருந்தவங்களுக்கு கிட்னிக்கு எதிரா ஆன்டிபாடி, அதாவது அதைத் தாக்க உடம்பு செய்யற புரதம், உருவாகறது அதிகம்னு பின்னாடி வந்த ஆய்வுங்க காட்டுது, அதனால சரியான எல்லை 5ஆ 6ஆ 8ஆங்கறது இன்னும் சென்டருக்கு சென்டர் மாறுது. ஏழாம் மாசத்துல 6.1 பெரும்பாலான இடத்துல ஏத்துக்கற நம்பர்தான். லெவல் ஒரு மாசம் 4, மறு மாசம் 11, அடுத்தது 5ன்னு ஊஞ்சலாடறவங்களோட கிட்னி, சீரா ஒரே இடத்துல நிக்கறவங்க கிட்னியை விட சீக்கிரம் கெடுதுன்னும் பல ஆய்வுல பாத்திருக்காங்க. நாமளா ஒரு கேப்சூலைக் குறைச்சு, பயந்து போய் திரும்ப ஏத்தினா நடக்கறது இந்த ஊஞ்சல்தான்.

வச்ச கிட்னியையே கெடுக்கும்னு கொழுந்தனார் சொன்னது முழுப் பொய் இல்ல, அதையும் நேர்மையா சொல்லணும். கால்சினியூரினை அடக்கறப்ப கிட்னிக்கு ரத்தம் கொண்டு போற குட்டிக் குழாய் சுருங்குது, லெவல் ஏறினா க்ரியாட்டினின் ஏறும், டோஸ் குறைச்சா இறங்கும், இது திரும்பி வரக்கூடியது. வருஷக்கணக்குல ஓடினா கிட்னி திசுவுல தழும்பு விழறதும் உண்டு, அது திரும்பாது. முன்னாடியெல்லாம் பத்து வருஷத்துல கெடற மாத்துக் கிட்னிக்கெல்லாம் இந்த மருந்துதான் காரணம்னு நினைச்சாங்க. அப்புறம் ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கற டெஸ்ட் நல்லா வந்ததும், தாமதமா கெட்டுப்போற கிட்னியில பெரும் பங்கு உடம்பே மெல்ல மெல்ல தாக்கினதாலதான், அதுலயும் மருந்தை ஒழுங்கா போடாதவங்க நிறையன்னு தெரிய வந்துது. தழும்புல மருந்தோட பங்கு எத்தனை, ரிஜெக்ஷனோட பங்கு எத்தனைங்கறது நிபுணர்களுக்குள்ளயே இன்னும் விவாதம்தான். ஆனா நிறுத்தினா என்ன ஆகும்ங்கறதுல விவாதமே இல்ல. ஒரு சின்னப் பையன், காலேஜ் முடிச்சவன், மூணாவது வருஷம் நல்லாத்தானே இருக்கேன்னு ரெண்டு மாசம் விட்டுட்டான். வலி இல்ல, காய்ச்சல் இல்ல, ஒண்ணுக்குக் கூட சரியாத்தான் போச்சு. கால் வீங்கி வந்தப்ப க்ரியாட்டினின் 7. அப்பா குடுத்த கிட்னி அது. அந்த அப்பா அன்னைக்கு வார்டு வாசல்ல நின்னது இன்னும் என் கண்ணுல இருக்கு.

கேன்சர் விஷயம். மாற்று உறுப்பு வச்சவங்களுக்கு கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட மொத்தத்துல ரெண்டு மடங்கு பக்கம்னு அமெரிக்காவுல ஒண்ணே முக்கால் லட்சம் மாற்று ஆபரேஷன் கணக்கைப் பாத்து சொல்லியிருக்காங்க, அது நிஜம், மறைக்கக் கூடாது. இது டாக்ரோலிமஸ்ங்கற ஒரு மருந்தோட தனிப்பட்ட குத்தம்னு சொல்ல முடியாது, எதிர்ப்பு சக்தியை மொத்தமா அடக்கி வைக்கறதால, குறிப்பா வைரஸ் கிளப்பி விடற கேன்சர்களை உடம்பால ஆரம்பத்துலயே துடைச்செறிய முடியறதில்ல. நிணநீர்க் கட்டி வகைதான் அதுல நாங்க அதிகம் கவனிக்கறது. ரெண்டு மடங்குன்னா ரெண்டுல ஒருத்தருக்கு வரும்னு அர்த்தம் இல்ல, 41 வயசுல அடிப்படை வாய்ப்பே கம்மி, அது ரெண்டு மடங்கானாலும் பெரும்பாலானவங்களுக்கு வரப் போறதில்ல. மறுபக்கம் டயாலிசிஸ்லயே இருந்தா என்ன ஆயுசுங்கறதையும் தராசுல வைக்கணும். அந்த வாட்ஸப் மெசேஜ்ல இருக்கற எச்சரிக்கை எனக்குத் தெரிஞ்சு எக்சிமாங்கற தோல் அரிப்பு நோய்க்குப் போடற டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட் டப்பாவுல 2006ல அமெரிக்காவுல ஏத்தின வாசகம் மாதிரி இருக்கு, அது தோலுக்குப் போடற மருந்து, அளவும் வேற கேள்வியும் வேற. உங்க வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, புகையிலை, பாக்கு பழக்கம் இருந்தா அடியோட விடறது, கழுத்துல அக்குள்ல கட்டி தென்பட்டாலோ காரணமில்லாம எடை குறைஞ்சாலோ வாய்ப்புண் மூணு வாரத்துல ஆறலைன்னாலோ தள்ளிப் போடாம காட்டறது.

இப்ப நீங்க கேக்காத ஒரு விஷயம், ஆனா என் அனுபவத்துல நம்ம ஊர்ல இந்த மருந்து ஆபத்தாகறது பெரும்பாலும் இந்த வழியிலதான். கூடப் போடற வேற மருந்து. ஒரு நாள் ஓபியில ஒரு அண்ணன் வந்தார், ஆட்டோ ஓட்டறவர், மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. காபி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கார், அப்பவும் டம்ளர் தட்டுல தடதடன்னு தட்டுது, காபி என் ரிஜிஸ்டர் மேல சிந்திடுச்சு. லெவல் 30க்கு மேலன்னு மிஷின் நம்பர் காட்டாமலே நிறுத்திடுச்சு. க்ரியாட்டினின் 1.3 இருந்தவருக்கு 2.4. புதுசா ஏதாவது மருந்து போட்டீங்களான்னு கேட்டா இல்லவே இல்லைன்னார். பைக்குள்ள இருக்கறதெல்லாம் மேஜை மேல கொட்டச் சொன்னேன். பீபி மாத்திரை, சத்து மாத்திரை, அதுக்கு அடியில பாதி காலியான ஒரு அட்டை, இட்ராகோனசோல். இடுப்புல படர்தாமரை, அரிப்பு தாங்கலைன்னு தெருமுனை மெடிக்கல் ஷாப்ல கேட்டிருக்கார், அவங்க ரெண்டு வாரத்துக்குக் குடுத்திருக்காங்க. அவரைப் பொறுத்தவரை அது தோலுக்கு, மருந்துக் கணக்குலயே சேரல. அந்த மருந்து டாக்ரோலிமஸை உடைக்கற என்சைமைக் கட்டிப் போட்டுடும், போட்டதெல்லாம் உடையாம ரத்தத்துல சேரும். நிறுத்தினப்புறமும் அதோட பிடி உடனே விடாது, மூணு வாரம் ரெண்டு நாளைக்கு ஒரு லெவல் பாத்து பாத்து டோஸை இறக்கி ஏத்தி க்ரியாட்டினினை 1.4க்குக் கொண்டு வந்தோம். படர்தாமரை இப்ப வீட்டுக்கு வீடு இருக்கறதால இதை விரிவா சொல்றேன்.

அதே மாதிரி லெவலை ஏத்தறது ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல், ஆன்டிபயாடிக்ல கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பீபிக்குக் குடுக்கற டில்டியாசெம், வெராபமில், கோவிட்டுக்கு வந்த பாக்ஸ்லோவிட்ல இருக்கற ரிட்டோனாவிர். அசித்ரோமைசின் இந்த வேலையை அவ்வளவா பண்றதில்ல. லெவலை அடியோட இறக்கறது டிபி மருந்து ரிஃபாம்பிசின், வலிப்புக்குப் போடற ஃபெனிட்டாயின், கார்பமாசெபின். டிபி நம்ம ஊர்ல சாதாரணமா வர்றது, மாத்து உறுப்பு வச்சவங்களுக்கு இன்னும் அதிகமா வரும், ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ சாயங்காலக் காய்ச்சலோ இருந்தா பாக்கணும். டிபி உறுதியானா ரிஃபாம்பிசினை ட்ரான்ஸ்ப்ளான்ட் டாக்டருக்குத் தெரியாம ஆரம்பிக்கவே கூடாது, சில நாள்லயே டாக்ரோலிமஸ் லெவல் தரைக்கு வந்துடும், அதுக்குப் பதிலா ரிஃபாபியூட்டின் மாதிரி வழி இருக்கு. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, ஐப்யூபுரோஃபென் வேண்டாம், அது லெவலை மாத்தாது, ஆனா ரெண்டும் சேர்ந்து கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும். அவர் டெய்லர், குனிஞ்சு தைச்சு கழுத்து வலி முதுகு வலி வரும், பாராசிட்டமால் போடலாம்.

சாப்பாட்டுல உறுதியானது கிரேப்ஃப்ரூட்டும் நம்ம ஊரு பம்பளிமாஸும், ரெண்டும் வேண்டாம், லெவலை ஏத்தும். மாதுளை பத்தி ஒண்ணு ரெண்டு நோயாளிகள்கிட்ட பாத்ததா எழுதியிருக்காங்க, அதை வச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது, எப்பவாவது ஒரு பழம் சாப்பிடறதுக்கு நான் யாரையும் தடுத்ததில்ல, தினமும் டம்ளர் டம்ளரா ஜூஸ் வேண்டாம்னு சொல்வேன். மஞ்சள் பத்தி எல்லாரும் கேப்பாங்க. சாம்பார்ல போடற மஞ்சளால எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல, ஆனா கரண்டி கரண்டியா மஞ்சள் சாப்பிட்டு லெவல் எகிறி கிட்னி அடிபட்ட நோயாளி பத்தி மருத்துவ இதழ்ல பதிவு இருக்கு, அதனால கர்க்குமின் கேப்சூல் வேண்டாம். உங்க எதிர்வீட்டு அம்மா குடுத்த சீந்தில் பொடி கண்டிப்பா வேண்டாம், அது எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்னுதான் விக்கறாங்க, நாம அடக்கி வைக்கறதையே அது தூண்டினா என்ன ஆகும், அதுக்கும் மேல கோவிட் சமயத்துல அதைச் சாப்பிட்டு கல்லீரல் பாதிச்சவங்களை நம்ம நாட்டு டாக்டர்களே பதிவு பண்ணியிருக்காங்க. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லல, எங்க வீட்டுலயே கஷாயம் உண்டு, மாத்துக் கிட்னியோட சேர்த்து அளந்து பாக்காத எதையும் சேர்க்க வேண்டாம்னுதான் சொல்றேன். இளநீர்லயும் கவனம். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏத்தற மருந்து, வெயில் காலத்துல தினம் ரெண்டு இளநீர் குடிச்சு பொட்டாசியம் 6 தாண்டி வந்தவங்க இருக்காங்க, போன ரிப்போர்ட்ல பொட்டாசியம் எவ்வளவுன்னு பாத்துட்டு டாக்டரைக் கேட்டுக் குடிங்க. சுகரும் மாசாமாசம் பாருங்க, இந்த மருந்தும் கூடப் போடற ஸ்டீராய்டும் சேர்ந்து பத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு புதுசா சுகர் கொண்டு வருது, மாமியாருக்கோ மாமனாருக்கோ சுகர் இருந்தா இன்னும் கவனமா இருக்கணும்.

கை நடுக்கம் அவர் பொழப்பையே தொடுது, அதை மத்தவங்க மாதிரி பொறுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. இந்த நடுக்கம் பெரும்பாலும் மருந்து உச்சிக்கு ஏறற நேரத்துல அதிகமா இருக்கும், அதாவது காலை டோஸ் போட்டு ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம். ஒரு வாரம் கவனிச்சு நோட்டுல எழுதச் சொல்லுங்க, எந்த மணிக்கு நூல் கோக்க முடியல, எந்த மணிக்கு முடியுதுன்னு. அந்த நேரத்துல அளவெடுக்கறது, கட்டிங் மாதிரி வேலையை வச்சுக்கிட்டு நுணுக்கமான தையலை சாயங்காலத்துக்குத் தள்ளலாம். ரத்தத்துல மெக்னீசியம் பாக்கச் சொல்லிக் கேளுங்க, இந்த மருந்து அதை ஒண்ணுக்கு வழியா கரைச்சு விட்டுடும், குறைஞ்சா நடுக்கமும் தசை இழுப்பும் கூடும். இதெல்லாம் பண்ணியும் குறையலைன்னா மெதுவா கரையற, ஒரு நாளைக்கு ஒரே தடவை போடற வகை இருக்கு, அதுல ஒரு வகைக்கு மாத்தினதும் நடுக்கம் குறைஞ்சதா ஆய்வு இருக்கு, அதை டாக்டர்கிட்ட பேசலாம். ஆனா மெடிக்கல் ஷாப்ல இது இல்ல, அது இருக்குன்னு குடுக்கறதை வாங்கிட்டு வந்து போடக் கூடாது. ரெண்டு வேளை வகையும் ஒரு வேளை வகையும் பேர் ஒரே மாதிரி இருக்கும், மில்லிகிராம் ஒண்ணா இருக்கும், உடம்புக்குள்ள போற விதம் வேற. கம்பெனி மாறினாக்கூட டாக்டர்கிட்ட சொல்லி ஒரு வாரத்துல லெவல் பாக்கணும், அட்டையைத் தூக்கிப் போடாம போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முடி கொட்டறது பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க, அதுவும் இந்த மருந்தாலதான், பெரும்பாலும் நாள் ஆக ஆக குறையும்.

போடற முறையில ஒண்ணே ஒண்ணு, தினமும் ஒரே மாதிரி. சாப்பாட்டோட, அதுவும் எண்ணெய் அதிகமான சாப்பாட்டோட போட்டா மருந்து கம்மியா ஏறும், அதனால சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லைன்னா சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு. ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்ட கையோட போடறது, திங்கக்கிழமை வெறும் வயித்துல போடறதுன்னு மாத்தி மாத்தி வேண்டாம். மறந்துட்டா ரெண்டு டோஸை சேர்த்துப் போடாதீங்க, கோஆர்டினேட்டர் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க, எத்தனை மணி நேரம் வரைக்கும் போடலாம்ங்கறதுக்கு ஒவ்வொரு சென்டரும் ஒரு விதி வச்சிருக்கு. காய்ச்சல் 100 தாண்டினாலும், ஒண்ணுக்கு குறைஞ்சாலும், கிட்னி வச்ச பக்கம் வலிச்சாலும், தாங்க முடியாத தலைவலியோட கண் மங்கினாலோ வலிப்பு வந்தாலோ அன்னைக்கே போயிடணும், கடைசி ரெண்டும் அபூர்வமா மூளையை இந்த மருந்து பாதிக்கறதோட அடையாளம், உடனே கவனிச்சா பெரும்பாலும் சரியாகிடும்.

அதனால இப்ப செய்ய வேண்டியது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, பேதி ஆச்சு, மாத்திரை போட்டப்புறம் ரத்தம் குடுத்தோம், அதுல 9.8 வந்துதுன்னு இந்த மூணையும் அப்படியே சொல்லுங்க. அவங்க பெரும்பாலும் திரும்ப ஒரு டெஸ்ட் குடுக்கச் சொல்வாங்க. முந்தின நாள் ராத்திரி சரியா 9 மணிக்குப் போடச் சொல்லுங்க, காலையில கேப்சூலைப் போடாம கையில எடுத்துக்கிட்டு லேபுக்குப் போங்க, 9 மணிக்கு முன்னாடி ஊதா மூடி போட்ட ட்யூப்ல ரத்தம் எடுப்பாங்க, எடுத்ததும் அங்கேயே தண்ணி வாங்கிப் போட்டுக்கட்டும், கடைசி டோஸ் எத்தனை மணிக்குன்னு லேப் சீட்டுல எழுதச் சொல்லுங்க. அதே ஊசியில வேற ட்யூப்லயும் ரத்தம் எடுத்து க்ரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம், சுகர் நாலும் பாத்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் டாக்டர் வேற மாதிரி சொல்லாத பட்சத்துல 2ம் 2ம் அப்படியே போகட்டும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்க, பேரை மறைச்சுட்டுப் போடுங்க, எந்த நம்பர் எதைச் சொல்லுதுன்னு நான் விளக்கறேன், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு சேர்ந்தே யோசிக்கலாம்.